அச்சவாரம் கொடுத்த கதை

1

இந்தக் கதை என் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருடம், அதாவது 2022 ஆனி மாதத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லியடிக்கு வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். பெட்ரோல் இல்லாமல் ஊரே பஸ்ஸில் ஏறிய காலம். அந்த நெரிசலிலும் அவள் கைபேசியைப் பார்ப்பதும், இரத்தப் பரிசோதனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் நேரம் குறிப்பதுமாக இருந்தாள். 9.05 நிண்டது. 10.50 வந்தது. என்ன குறிக்கிறீர்கள் என்று கேட்டேன். சொன்னாள். நெல்லியடியில் இறங்கும்போது என்னிடம் ஒரு கதை இருந்தது.

(மேலே உள்ள பந்தியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிப்பது நல்லது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.)

நான் கரவெட்டியில் இருக்கிறேன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் லிகிதர், காணிக் கோப்புகள் எழுதும் அலுவலக வேலை. இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். பதினொரு கதை அச்சில் வந்திருக்கிறது, அதில் ஒன்றுக்கு இரண்டாம் பரிசு. அந்த முறை முதல் பரிசு பெற்ற கதையையும் வாசித்தேன். அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

வழக்கமாக என் பாத்திரங்கள் நான் எழுதியதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். இவள் அப்படியில்லை. எழுதும் ஒவ்வொரு பகுதியையும் வட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்ப வேண்டும், அவள் அனுப்பும் திருத்தத்தை வெட்டாமல் போட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. ஆகவே இடையில் ‘திருத்தம்’ என்று வருவதெல்லாம் அவள் குரல். பஸ்ஸில் கண்ட ஒருத்திக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுத்தேன் என்றால்—

அதையும் பிறகு சொல்கிறேன்.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

“இணுவில் கோயில் மணி ஒலித்தபோது தயாளினி...” வேண்டாம். மணியில் தொடங்கும் கதை என்னிடம் ஏற்கெனவே நான்கு இருக்கிறது.

“பணம் என்பது மனிதகுலம் சேர்ந்து நம்பும் ஒரு கற்பனை. அந்தக் கற்பனைக்குள் இன்னொரு கற்பனையாக இணையப் பணம்...” இது கட்டுரை. அதுவும் மற்றவர்கள் எழுதி முடித்த கட்டுரை.

“தயாளினிக்கு முப்பத்தொரு வயது. கலியாணம் வேண்டாமென்று சொல்லிச் சீதனக் காசில் ஒரு மெசின் வாங்கினாள்.” இது பிடித்திருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

தயாளினியின் ஊர் இணுவில். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்துச் சோதிப்பது அவள் வேலை. தாய் மீனாம்பிகை, மகளின் சீதனத்துக்கென்று வங்கியில் போட்டு வைத்திருந்த காசைப் போன வருடம் அவள் கையிலேயே கொடுத்தார். “உன்ரை காசு. நீயே யோசிச்சுச் செய்” என்றார். மாமன்மார் இரண்டு பேரும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்: “பொம்பிளைப் பிள்ளையின்ரை கையிலை உவ்வளவு காசைக் குடுத்தால் உது எங்கை போய் முடியுமெண்டு பார்.”

அவள் வாங்கியது மைனிங் மெசின். சப்பாத்துப் பெட்டி இரண்டை அடுக்கிய அளவு, பதினைந்து கிலோ பாரம், முன்னும் பின்னும் விசிறி. அது நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்க இப்படிக் கணக்குப் போடும் மெசின்களில் எதற்கு முதலில் விடை வருகிறதோ, அதன் சொந்தக்காரருக்குப் பிட்கொயின் கிடைக்கும். தனி மெசினுக்கு அது நடக்கிற காரியமில்லை என்பதால் ஆயிரக்கணக்கானோர் கூட்டாகச் சேர்ந்து, கிடைப்பதைப் பங்கு போடுவார்கள். பங்கு யாருடைய கணக்குக்குப் போக வேண்டும் என்பது மெசினுக்குள் பதிந்திருக்கும். கதைக்கு அந்தப் பதிவு வேண்டும் என்பதால்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஒரு வருடம் நல்லாய்ப் போனது. பிறகு நாட்டில் டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு நாளில் பாதி நேரம் மெசின் சும்மா கிடந்தது. தயாளினி அதை விற்க முடிவு செய்தாள். உடுவிலில் சந்திக்குக் கிட்ட ஒரு கடையறை வாடகைக்கு இருந்தது. அதில் சொந்தமாக ஒரு இரத்தப் பரிசோதனை நிலையம் போடுவது அவள் எண்ணம். ஆனி முடியும் வரைக்கும் வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மெசினுக்கு அன்றைய விலை ஒன்பது லட்சம். அந்தக் காசு வந்தால் அறையும் உபகரணமும் சரி. வராவிட்டால் மாமன்மார் சொன்னது சரி.

திருத்தம்: “கலியாணம் வேண்டாமெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. சீதனம் குடுத்துக் கலியாணம் வேண்டாமெண்டுதான் சொன்னனான். ரெண்டும் வேறை. மற்றது, மெசின் பதினாலரைக் கிலோ.”

(பிடித்திருந்த தொடக்கமும் போயிற்று.)

3

பாவித்த பொருளை இணையத்தில் விற்பது எங்களுக்குப் புதிது. காணியோ மாடோ விற்றால் வாங்க வருகிறவனின் தகப்பன் பெயராவது தெரிந்திருக்கும். இங்கே ஒரு பூப்படமும் ஒரு பெயரும் மட்டும்.

தயாளினி ஒன்பது படத்தோடு விளம்பரம் போட்டாள். உள்ளதை எழுதினாள்: பதின்மூன்று மாதம் பாவித்தது, ஒரு விசிறி மாற்றியது, வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்து வாங்கலாம். உடனே ஆட்கள் வந்தார்கள். ஒருவர் வணக்கம்கூடச் சொல்லாமல் ‘கடைசி விலை?’ என்றார். இன்னொருவர் கொழும்புக்கு முதலில் அனுப்பச் சொன்னார், ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு போடுவாராம். மூன்றாமவர் பதினொரு லட்சத்துக்குக் காசோலை தருகிறேன், மிச்ச இரண்டைக் கையில் தாருங்கள் என்றார். அந்தக் காசோலை வங்கிக்குப் போய்த் திரும்பி வரும்போது, கையில் வாங்கிய இரண்டு லட்சத்தோடு அவர் எங்கே நிற்பார் என்று உங்களுக்கே விளங்கும். வேறொருவர், வாங்கிக்கொண்டு போய் உள்ளே கணக்குப் போடும் நல்ல சுற்றுப்பலகையைக் கழற்றிவிட்டு, பழுதான பலகையோடு ‘ஓடவில்லை’ என்று திருப்பித் தருகிற ரகம். அதையும் அவள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பலகையின் இலக்கத்தையும் படமெடுத்து வைத்திருந்தாள்.

இவ்வளவு தெரிந்தவள் எப்படி ஏமாந்தாள் என்று கேட்டேன்.

“கள்ளரை எனக்குத் தெரியும் அண்ணை. மரியாதை தெரிஞ்ச கள்ளரைத்தான் தெரியாது” என்றாள்.

சிவரூபன் என்ற பெயரில் வந்தவன் மரியாதை தெரிந்தவன். அக்கா என்று எழுதினான். விலையில் ஐயாயிரம்கூடக் குறைக்கக் கேட்கவில்லை. “அச்சவாரம் போட்டு விடுறன் அக்கா, வேறை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ” என்றான். அன்று பின்னேரமே இருபதாயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழுந்தது.

அச்சவாரம் என்பது வெறும் முற்பணம் என்று நினைத்தால் இந்தக் கதை விளங்காது. எங்கள் பக்கத்தில் அச்சவாரம் வாங்கிய கை கட்டுப்பட்ட கை. வாங்குகிறவன் பின்வாங்கினால் அச்சவாரம் அவனுக்கு இல்லை. விற்கிறவன் பின்வாங்கினால் ஊரில் அவன் வாய்க்கு மதிப்பில்லை. அதற்குப் பிறகு சாவகச்சேரியிலிருந்து ஒருவர் ஒன்பது லட்சத்தைக் கையிலேயே கொண்டு வருகிறேன் என்று கேட்டார். “அச்சவாரம் வாங்கிப்போட்டன்” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். கள்ளக் காசு வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். வந்தது நல்ல காசு.

திருத்தம்: “இருபதாயிரமில்லை, இருபத்தையாயிரம். அது உங்களுக்கு நல்லாய்த் தெரியும். வேணுமெண்டே மாத்தி எழுதாதேங்கோ.”

4

சாமான் எடுக்க வருகிறேன் என்று அவன் சொன்ன நாளில் இணுவிலில் மின்சாரம் இரண்டு மணிக்கு நின்று நாலேகாலுக்கு வர வேண்டும். அவன் இரண்டரைக்கு வான் வண்டியோடு வந்தான். வண்டியோட்டி இறங்கவேயில்லை. சிவரூபன் கைபேசியைத் திறந்து எட்டு இலட்சத்து எழுபத்தையாயிரம் அனுப்பிய பற்றுச்சீட்டைக் காட்டினான். வங்கியின் நிறம், இலக்கம், நேரம் எல்லாம் சரி.

“எனக்கு இன்னும் மெசேஜ் வரேல்லை” என்றாள் தயாளினி.

“கறண்ட் போனால் டவரும் படுத்திடும்தானே அக்கா. பாருங்கோ, என்ரை போனிலையும் ஒரு கோடுகூட இல்லை.”

“கறண்ட் வரட்டுமன். மெசினையும் ஒருக்கா ஓட்டிக் காட்டி, என்ரை கணக்கையும் அழிச்சுத் தாறன்.”

“நாலேகால் வரைக்கும் வான்காரன் நிக்கமாட்டான் அக்கா, அவனுக்கு டீசல் வரிசை. கணக்கை நான் வீட்டை போய் மாத்திறன். ஓட்டிப் பாக்காமல் எடுக்கிறது நான்தானே, எனக்குத்தானே பயம் இருக்க வேணும். அச்சவாரம் தந்த ஆள் எங்கை ஓடப்போறன்?”

அந்தச் சொல்லுக்குத்தான் அவள் விட்டுக்கொடுத்தாள். அச்சவாரம் வாங்கியவள், தந்தவனைப் படலை வாசலில் மறித்து வைக்க முடியாது என்று வளர்ந்தவள். தானே ஒரு பக்கம் பிடித்து வானில் ஏற்றியும் விட்டாள்.

நாலேகாலுக்கு மின்சாரம் வந்தது. நாலரைக்குச் சமிக்ஞை வந்தது. காசு வரவில்லை. ஐந்து மணிக்குச் சிவரூபனின் இணையப் பக்கமும் இல்லை, கைபேசி இலக்கமும் இல்லை.

[இந்த இடத்தில் சிவரூபனைப் பற்றி எனக்குச் சங்கடம். அவன் வெறும் பெயராக நிற்கிறான். நல்ல எழுத்தாளன் கள்ளனுக்கும் ஒரு மனம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இருதய வருத்தக்காரத் தாய், வெளிநாடு அனுப்புவதாக ஏமாற்றிய முகவர், தங்கச்சியின் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. அனுப்பினேன்.]

திருத்தம்: “அவனுக்குத் தாய் இருந்தால் எனக்கென்ன? எனக்கும் தாய் இருக்கிறா. வெட்டுங்கோ.”

வெட்டிவிட்டேன்.

5

தயாளினி பொலிசுக்குப் போனாள். முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். மெசின் அகப்பட்டால் வழக்கு முடியும் வரைக்கும் அது சான்றுப்பொருளாக இருக்கும் என்றும் சொன்னார்கள். வழக்கு எப்போது முடியும் என்று அவள் கேட்கவில்லை. ஆனி முடிவதற்குள் முடியாது என்பது தெரியும்.

அடுத்த நாள் காலை ஆறு நாற்பதுக்கு, பழக்கத்தில், கைபேசியில் மைனிங் கணக்கைத் திறந்தாள். அவள் மெசினின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. மெசின் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கணக்கை யாரும் மாற்றவில்லை. யாருடைய மின்சாரத்திலோ ஓடி, அவளுக்கே பிட்கொயின் அனுப்பிக்கொண்டிருந்தது.

எங்கே ஓடுகிறது என்று அந்தக் கணக்கு சொல்லாது. ஆனால் ஒன்பது ஐந்துக்குப் பச்சைப் புள்ளி அணைந்தது. பத்து ஐம்பதுக்குத் திரும்பி எரிந்தது. ஆய்வுகூடத்தில் அப்போது மின்சாரம் இருந்தது. பக்கத்தில் கிடந்த படிவத்தைத் திருப்பி இரண்டு நேரத்தையும் எழுதினாள்.

இந்த நாட்டில் இந்த வருடம் வாழ்ந்தவர்களுக்கு மீதி விளங்கியிருக்கும். மின்வெட்டு ஊர் ஊராக நடக்கிறது. ஊர்களைக் கூட்டம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்ன எழுத்துக்கு இன்ன நேரம் என்று தினமும் பட்டியல் வரும். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் சோறு வைக்கிறோம், அயன்பெட்டியால் உடுப்பு மினுக்குகிறோம். தயாளினி அதைப் பார்த்துக் கள்ளனைத் தேடினாள். முதல் நாள் நான்கு எழுத்துகள் பொருந்தின. இரண்டாம் நாள் இரண்டு. பதினொரு நாள் விடாமல் எழுதினாள், சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் ஒரே எழுத்து மிஞ்சியது. அந்த எழுத்துக்குள் கரவெட்டியும் அதைச் சுற்றியுள்ள சில கிராமங்களும். (எழுத்தை நான் சொல்லப் போவதில்லை. கதைக்குத் தேவையில்லை.)

இன்னொன்றையும் கவனித்தாள். சனி, ஞாயிறு மட்டும், மின்வெட்டு இல்லாத நேரத்தில், ஒன்றரையிலிருந்து மூன்று வரைக்கும் மெசின் நின்றது. “அது கறண்ட் இல்லை, ஆரோ மத்தியானம் படுக்கிறார்” என்று அவளுக்கு விளங்கியது. கிழமை நாட்களில் படுக்காதவர். கந்தோருக்குப் போகிறவர்.

மெசின் போடும் சத்தம் அரைக்கிற ஆலைக்குக் கிட்ட நிற்கிற மாதிரி இருக்கும். மின்சாரம் திரும்பிய கணத்தில் விசிறிகள் முழு வேகத்தில் சுற்றித்தான் தொடங்கும். ஆகவே நெல்லியடியில் சிநேகிதி ஒருத்தியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, மின்சாரம் வரும் நேரத்துக்குக் கரவெட்டியில் ஒவ்வோர் ஒழுங்கையாக, தெருத் தெருவாகப் போய் நின்றாள். முதல் தரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் தூரத்தில் கேட்டது. மூன்றாம் தரம் ஒரு பச்சை மதிலுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, படலையைத் தட்டினாள். உள்ளேயிருந்து வந்த வீட்டுக்காரன் ஒரு கொடூரமான—

வந்தவன் கண்ணில் ஒரு கள்ளக்—

அவனை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இந்தப் பகுதியை இப்படியே அனுப்புகிறேன்.

திருத்தம்: “வீட்டுக்காரன் ஆர் எண்டு எழுதுங்கோ அண்ணை. நீங்கள் எழுதாட்டி நான் எழுதுவன்.”

6

பஸ்ஸில் நான் எந்தப் பெண்ணோடும் கதைக்கவில்லை. படலையைத் திறந்தவன் நான்.

விளம்பரத்தை நானும் பார்த்தேன். அவளுடைய அதே ஒன்பது படம், ஆனால் சிவரூபன் போட்டது. விலை ஐந்தரை லட்சம். அரசாங்கச் சம்பளம் ரூபாயில் வந்து ரூபாயிலேயே கரைந்துகொண்டிருந்தது. மெசின் டொலரில் உழைக்கும் என்று எழுதியிருந்தான். மற்ற இடங்களில் ஒன்பதுக்குப் போகிற சாமான் என்று எனக்குத் தெரியும். ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் விலையைக் கூட்டிவிடுவானோ என்று மூடிக்கொண்டேன். இது எனக்கு வெட்கம். எழுதாமல் விடலாமென்றுதான் பஸ்ஸைக் கொண்டுவந்தேன்.

அவன் மெசினை என் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினான். மரியாதையான ஆள். “எல்லாம் உங்கடை பேருக்கு மாத்தியாச்சு அண்ணை, மூண்டு கிழமையிலை காசு வரத் தொடங்கும்” என்றான். அடுத்த நாள் காலை நல்ல நேரம் பார்த்து, மெசினுக்குச் சந்தனப் பொட்டும் வைத்துத்தான் ஓட்டினேன். அந்த நேரம்தான் ஆறு நாற்பது. அவள் வந்த நாள் வரைக்கும் பத்தொன்பது நாள் ஓடியது. என் மனைவி பிரதீபா அடுக்களையிலிருந்து கத்திக் கத்தித்தான் என்னோடு கதைத்தாள். மின்சாரக் கட்டணப் பில் இன்னும் வரவில்லை. வரும்போது வீட்டில் நான் இருக்கப் போவதில்லை.

7

போன சனிக்கிழமை காலை பத்து ஐம்பது. மின்சாரம் வந்தது, மெசின் கத்தத் தொடங்கியது, படலை தட்டும் சத்தம் கேட்டது. வெளியே ஒரு பெண் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். வியர்த்திருந்தாள்.

“உள்ளை ஓடுறது என்ரை மெசின்” என்றாள்.

“ஆர் தங்கச்சி நீங்கள்? அது நான் காசு குடுத்து வாங்கினது.”

கைபேசியை நீட்டினாள். பலகைகளின் இலக்கம், அவள் மெசின் வாங்கிய பற்றுச்சீட்டு, மாற்றிய விசிறி. உள்ளே வந்து இலக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பிரதீபா “வாங்கோ பிள்ளை” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வோர் இலக்கமும் சரி.

அப்போதும் நான் விடவில்லை. நானும் ஏமாந்தவன், நானும் காசு கொடுத்தவன் என்று சொல்லி, என் சாட்சியை எடுத்து வந்தேன். ஐந்தேகால் லட்சத்தைக் கையில் கொடுத்ததால் அதற்குச் சீட்டு இல்லை. அச்சவாரத்துக்கு இருந்தது. நெல்லியடியில் வங்கி இயந்திரத்தில் காசு போட்ட துண்டு. இருபத்தையாயிரம். சிவரூபன் சொன்ன கணக்கிலக்கத்துக்கே போட்டேன் என்று காட்டினேன்.

தயாளினி அந்தத் துண்டை வாங்கி இலக்கத்தைப் பார்த்தாள்.

“இது என்ரை கணக்கு நம்பர்” என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிரதீபாவுக்குத்தான் முதலில் விளங்கியது. சிவரூபன் தன் கையிலிருந்து ஒரு ரூபாயும் போடவில்லை. அவளைக் கட்டிப்போட்ட நல்ல காசு என்னுடைய காசு.

“அப்ப எனக்கு அச்சவாரம் தந்தது நீங்கள்” என்றாள் தயாளினி. குரல் உயரவில்லை. “ஒன்பது லட்சத்துக்குப் பேசி வாங்கின அச்சவாரம். நான் வாக்கு மாறமாட்டன். மிச்சம் எட்டே முக்காலைத் தாங்கோ, மெசின் உங்கடை. தரேலாட்டி வியாபாரம் முறிஞ்சுது. அச்சவாரமும் என்னட்டை, மெசினும் என்னட்டை. உங்கடை ஊரிலையும் உதுதானே வழக்கம்?”

காணிக் கோப்புகளோடு இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். அந்த வழக்கம் எனக்குத் தெரியாததில்லை.

“அந்தப் பிள்ளை சொல்லுறது சரிதானே” என்றாள் பிரதீபா.

“ஓம், வழக்கம் உதுதான்” என்றேன். “எனக்கு ஒரு கிழமை தாங்கோ தங்கச்சி. நான் கதை எழுதுறனான். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு ஒண்டு விளங்கும்.”

“எழுதுங்கோ. ஆனால் எழுத எழுத எனக்கு அனுப்ப வேணும். நான் திருத்தினால் வெட்டக்கூடாது” என்றாள். படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். “இந்தப் பத்தொன்பது நாளும் உங்கடை கறண்டிலை என்ரை கணக்குக்கு நாப்பத்து மூவாயிரம் வந்திருக்கு. அது உங்கடை. பில்லுக்குக் கட்டுங்கோ.”

அந்தச் சொல்லைக் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

8

அந்தக் கிழமை நான் எழுதிய முடிவுகள்:

அ. எழுத்தாளர் மெசினைக் கொடுத்துவிடுகிறார். இருவர் கண்ணும் கலங்குகின்றன.

திருத்தம்: “என்ரை கண் கலங்கேல்லை.”

ஆ. மெசினை ஒன்பதுக்கு விற்று ஆளுக்குப் பாதி. இருவரும் ஏமாந்தவர்கள், இருவரும் சமம்.

திருத்தம்: “பாதி பிரிச்சால் உங்களுக்கு ஒரு லட்சம் போகும். எனக்கு நாலேகால் போகும். இதுக்குப் பேர் சமமோ? கடையறைக்காரர் பாதி அறை தரமாட்டார்.”

இ. இருவரும் சேர்ந்து மெசினைத் திரும்ப விளம்பரம் போடுகிறார்கள். இன்னொரு பெயரில் சிவரூபன் வருகிறான். அச்சவாரம் தருகிறேன் என்கிறான். ஊர் கூடிப் பிடிக்கிறது. மூன்று பக்கம். என் வாழ்நாளில் எழுதிய நல்ல பக்கங்கள்.

திருத்தம்: “நல்லாயிருக்கு. பிடிப்பம். பிடிச்சால் உங்கடை அஞ்சேகாலை அவனிட்டை வாங்குங்கோ, நான் வந்து சாட்சி சொல்லுறன். அதுவரைக்கும் என்ரை மெசின் ஏன் உங்கடை வீட்டிலை நிக்க வேணும்?”

ஈ. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். புதன்கிழமை கந்தோருக்கு லீவு போட்டேன். ஒரு காணொளியைப் பார்த்து, மெசினுக்குள் இருக்கும் கணக்கை எப்படி அழிப்பது என்று படித்தேன். மிகச் சின்ன வேலை. ஒரு பொத்தானை ஐந்து வினாடி அமர்த்திப் பிடித்தால் அவள் பெயர் போய்விடும், பச்சைப் புள்ளி நிரந்தரமாக அணைந்துவிடும். பலகைகளின் படம் அவளிடம் இருக்கிறதுதான். ஆனால் பலகைகளைக் கழற்றி விற்க எவ்வளவு நேரம் ஆகும்? விரலைப் பொத்தானில் வைத்தேன். எடுத்தேன். நான் நல்லவன் என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால், பிரதீபா கதவடியில் நின்றாள். அவள் நின்றிராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. என்னை எனக்கே பிடிக்காமல் போன நாள் அது.

இந்தப் பகுதியை அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் கோடும் விழுந்தன. பதில் வரவில்லை.

9

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் உட்கார்ந்து யோசித்தேன். இப்படியான கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது ஒரு வழக்கம். மரியாதையான வழக்கம்தான். வாசகரின் அறிவை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். முடிவெடுக்கிற வேலையும் மிச்சம். அப்படியே முடிக்கப் போகிறேன் என்று அவளுக்கு அறிவித்தேன்.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது.

திருத்தம்: “நேற்று அனுப்பினதை வாசிச்சன். கோவம் வந்தது. எழுதினபடியாலை விடுறன். முடிவை வாசிக்கிற ஆக்களிட்டைக் குடுக்கிறதெண்டால் குடுங்கோ. மெசினை என்னட்டைத் தாங்கோ. பத்தரை பஸ்ஸிலை வாறன்.”

இதற்கு மேல் எனக்கு வாக்கியம் ஓடவில்லை. எழுந்துபோய் மெசினை நிறுத்தினேன். வீடு திடீரென்று அமைதியானதில் பிரதீபா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வயர்களைக் கழற்றினேன். பொட்டைத் துடைத்தேன். தூசி தட்டி ஒரு உரப்பைக்குள் இறக்கி, இரண்டு பேராகத் தூக்கி வாசலில் கொண்டுபோய் வைத்தோம். ஐந்தேகால் லட்சம் போய்விட்டது. எழுதும்போதே நெஞ்சு எரிகிறது. சிவரூபனை நான் விடப் போவதில்லை. திங்கட்கிழமை அவளோடு பொலிசுக்குப் போய் என் காசுக்குத் தனி முறைப்பாடு கொடுப்பேன், மலிவுக்கு ஆசைப்பட்டதையும் சேர்த்துச் சொல்வேன். அது என் பாடு.

படலை தட்டும் சத்தம் கேட்கிறது. நான் எழும்ப வேண்டும்.

ஆகவே, வாசகரே, முடிவு உங்களுக்கு. சிவரூபனைப் பிடியுங்கள், அல்லது தப்பவிடுங்கள். என் காசை எனக்கு வாங்கித் தாருங்கள், அல்லது எனக்கு நன்றாக வேண்டும் என்று சொல்லுங்கள். அவனுக்கு ஒரு தாயைக்கூடக் கொடுத்துப் பாருங்கள். ஆனால் எதை எழுதினாலும் மெசின் தயாளினியுடையது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதை மாற்ற எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் உரிமையில்லை.